நம் மலைக்கு அவர் பூட்டு

அமெரிக்காவின் மொன்டானாவில் பொழுது விடிகிறது. மண்சாலையின் குறுக்கே புதுச் சங்கிலியும் பூட்டும். இரு பக்கக் கம்பங்களிலும் ‘உள்ளே வராதே’ என்று அர்த்தம் தரும் ஆரஞ்சுப் பெயின்ட் இன்னும் காயவில்லை. அப்பால் தெரியும் மலை அரசாங்கத்தது, அதாவது நம் எல்லோருக்கும் சொந்தம்; போகிற வழி மட்டும் பண்ணைக்காரருடையதாம். காபி குடிக்கிற சாக்கில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு நான் காதைத் தீட்டிக்கொள்கிறேன். எல்க் மான் வேட்டைக்கு இன்றே கடைசி நாள். குளிர்காலக் கறிக்கு அதையே நம்பியிருக்கும் வெர்னா சங்கிலியை உதைக்கிறாள். “ஏன்டா கர்ட்டிஸ், போன வருஷம் நீயும் இதே வழியாத்தானே எங்கூட வந்த?” பண்ணைக் காவலன் கர்ட்டிஸ் தொப்பியை இறக்கிக்கொள்கிறான். “கோச்சுக்காதக்கா. முதலாளி உத்தரவு.” “மலையையும் உன் முதலாளிதான் பெத்தாரா?” பின்னால் ஹாரன் சத்தம். கர்ட்டிஸ் ஓடிப்போய்ப் பூட்டைத் திறக்கிறான். பண்ணைக்குப் பணம் கட்டிய விருந்தாளிகள், மடிப்புக் கலையாத வேட்டை உடுப்பில். ஒருவர் வண்டிக் கண்ணாடியை இறக்கி வெர்னாவிடமே கேட்கிறார்: “மான் எந்தப் பக்கம் நிக்கும்மா?” “எங்க மலையிலதான்” என்கிறாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். பூட்டு மறுபடி விழுகிறது. சற்று நேரத்தில் மலையில் முதல் வெடிச் சத்தம். கறி கட்டத் துவைத்து எடுத்துவந்த துணிப்பைகளை வெர்னா வண்டிக்குள் விட்டெறிகிறாள்.