அஜக்ஸுக்குக் கொடுத்த முதல் தெரிவு

கதை எழுதிப் பழக்கமில்லாதவன் நான். கூடைப்பந்துப் பயிற்றுவிப்பாளன் ஒருவன் இத்துறைக்குள் நுழைவது முறைதானா என்பதையும் அறியேன். பிழைகள் தென்பட்டால் வாசகர்கள் தயைகூர்ந்து பொறுத்தருள வேண்டும்.

தேவாலயத்தின் கீழ்த்தள மண்டபத்தில், எங்கள் தமிழ்க் கூடைப்பந்துச் சங்கத்தின் தலைவர் இராஜரட்ணம் அண்ணை ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்தார்.

"மல்வேர்ன். ஃபர்ஸ்ட் பிக் உங்கட. ஆரை எடுக்கிறியள், இக்னேசியஸ்?"

சென்ற ஆண்டு ஓர் ஆட்டத்திலேனும் வெல்லாத அணி எங்கள் மல்வேர்ன். கடைசியாக வந்த அணிக்கே புதிய வீரர்களுள் முதலாமவரைத் தெரிவு செய்யும் உரிமை உண்டு என்பது சங்கத்தின் விதி.

நான் எழுந்து நின்றேன்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. எங்கட இந்த வருசத்து முதல் ரெண்டு பிக்கையும் அஜக்ஸ் டீமுக்குக் குடுத்திட்டம். அவையின்ர அடுத்த வருசத்து ரெண்டையும் நாங்கள் எடுக்கிறம்."

கதிரைகள் அசையும் ஓசை கேட்டது.

காலையிலிருந்தே என்னுடன் வாதாடிக்கொண்டிருந்த துணைப் பயிற்றுவிப்பாளர் பிரியந்தன், கடைசி முறையாக என் காதருகே குனிந்தார்.

"அண்ணை, அடுத்த வருசம் வாற பெடியள் இப்ப கிரேட் டென்னிலதான் படிக்கிறாங்கள். வளருவாங்களோ எண்டே தெரியாது. அவங்கட அம்மாமாரின்ர சமையலைத்தான் நாங்கள் நம்போணும்."

அவர் கூறியதில் பிழையில்லை. அடுத்த ஆண்டின் வீரர்கள் எவ்வாறு இருப்பார்கள் என்பது எனக்கும் தெரியாது. இவ்வாண்டின் வீரர்களோ கண்முன்னே, சுவரோரம் வரிசையாக நின்றார்கள்.

அந்த வரிசையின் கடைசியில் என் மகன் ஜெனாட்டும் நின்றான்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் சங்கத்தில், ஒரு பயிற்றுவிப்பாளரின் பிள்ளையை மற்ற அணிகள் தொடுவதில்லை. இது எழுதப்பட்ட விதியன்று. ஒருவர் வீட்டுக் கொண்டாட்டத்தில் மற்றவர் கைநனைத்த மனிதர்கள் தமக்குள் காத்துவரும் மரியாதை. தகப்பன் கடைசிச் சுற்றுவரை பொறுத்திருந்து தன் பிள்ளையைத் தன் அணியில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆகவே மண்டபம் என்னைத் தன் போக்கில் விளங்கிக்கொண்டது.

"ஆள் வலு கெட்டிக்காரன்," என்றார் மில்லிக்கன் அணிக்காரர் ஒருவர், எனக்குக் கேட்கும்படியாகவே. "மகன் ஓசியில வருவான். அடுத்த வருச பிக்கும் கையில."

சிரித்தார்கள். ஜெனாட் தன் சப்பாத்துகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தச் சிரிப்பு அவனுக்குப் புதிதன்று. சிறுவர் பிரிவில் என் அணிக்காக அவன் ஆடிய காலம் முழுவதும், அவனது ஆட்டத்தைவிட அவனுடைய தகப்பனைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. நன்றாக ஆடினால் நான் அதிக நேரம் கொடுத்தேன் என்றார்கள். பிழைவிட்டால், நான்தான் அவனை அணியில் வைத்திருக்கிறேன் என்றார்கள்.

ஜெனாட் நல்ல ஆட்டக்காரன் என்பது எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

அஜக்ஸ் அணியின் பயிற்றுவிப்பாளர் டெனிஸ்டன் எழுந்தார். எல்லோரும் வரிசையில் நின்ற அபிஷனைப் பார்த்தார்கள். ஆறடி நான்கு அங்குலம் உயரம். வேறு யாரை எடுப்பார்கள்? அபிஷனும் தொப்பியைக் கழற்றித் தாயாரிடம் கொடுத்து ஆயத்தமாகிவிட்டான்.

"ஜெனாட்," என்றார் டெனிஸ்டன்.

இராஜரட்ணம் அண்ணை ஒலிவாங்கியைக் கையால் பொத்தினார். பொத்தியும் எல்லோருக்கும் கேட்டது.

"தம்பி, உவன் இக்னேசியஸின்ர மகனெல்லோ."

"ஓம் அண்ணை, தெரியும். உதில நிக்கிற ஆக்களில, பந்தை மற்றவனுக்குக் குடுக்கத் தெரிஞ்சவன் உவன் ஒருத்தன்தான்."

அண்ணை என் பக்கம் திரும்பினார். நான் மறுத்துப் பேசுவேன் என்று மண்டபமே காத்திருந்தது. பிரியந்தன் எனக்காகப் பாதி எழுந்தும்விட்டார்.

"எனக்கு ஒண்டுமில்லை அண்ணை," என்றேன்.

ஜெனாட் தலையை நிமிர்த்தி, என்னையல்ல, டெனிஸ்டனைப் பார்த்தான். பின்னர் சுவரைவிட்டு நீங்கி மண்டபத்தின் நடுவே நடந்தான். அவசரமின்றி நடந்தான். அஜக்ஸின் நீலச் சட்டையை வாங்கி, அணிந்திருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டான். அது அவனுக்குச் சற்றுப் பெரிது.

என் மகன் அவ்வாறு நடந்து நான் முன்னர் கண்டதில்லை. தண்ணீர்ப் போத்தலைத் திறப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

பிரியந்தனுக்கு இன்றுவரை சொல்லாத ஒன்று உண்டு. தெரிவுகளை மாற்றிக்கொள்ளப் பேசி முடித்தபின், டெனிஸ்டனிடம் ஒரேயொரு வேண்டுகோளை முன்வைத்திருந்தேன்.

"என்ர மகனை எடுங்கோ எண்டு கேக்கேல்லை. அவனைத் தொடக்கூடாது எண்டு மட்டும் நினைக்காதேங்கோ."

அவர் யாரை அழைப்பார் என்பது, அவர் அழைக்கும்வரை எனக்கும் தெரியாது.

வாசகர்களின் பொறுமைக்கு நன்றி கூறி, நாங்கள் இழந்தவற்றைச் சொல்லி முடித்துக்கொள்கின்றேன்.

இவ்வாண்டின் முதல் தெரிவு. இரண்டாம் தெரிவு. மில்லிக்கன் எடுத்துக்கொண்ட அபிஷன். பயிற்சி முடிந்து வீடு திரும்பும்போது காரில் என் பக்கத்தில் இருந்தவன்.

அஜக்ஸுடனான முதலாவது ஆட்டம், இருபத்தொரு புள்ளிகளால்.