நான்கு தலைமுறை ரோஜா

பட்டுப்போன பன்னீர் ரோஜாத் தொட்டியோடு பருத்திப்பட்டிலிருந்து தாய்வீட்டுக்கு வந்து நின்றாள் ரெனிதா. கன்னத்தில் கணவனின் விரல்தடம் கன்றியிருந்தது.

"நீ கல்யாணத்தப்ப குடுத்த செடியே அந்த ஊட்ல பொழைக்கல. நான் இனி போமாட்டேம்மா."

அருள்செல்வி வாசலில் பூத்துநின்ற தாய்ச்செடியைக் காட்டினாள்.

"நாலு தலைமுறையா நம்ம பொம்பளைங்க கையில சாகாத செடிடி. உங்கப்பன்கிட்ட நான் வாங்காத அடியா? நானும் கீறேன், செடியும் கீது. ஒரு கிளைய ஒடிச்சுகினு கெளம்பு."

ரெனிதா போனாள். மூன்றாம் மாதம் அவளை அடக்கம் செய்தார்கள்.

கல்லறையில் நட ஒரு செடி வாங்க, பூந்தமல்லிச் சாலையோர நர்சரிக்குப் போனாள் அருள்செல்வி. அவளைக் கண்டதும் நர்சரிக்காரர் சிரித்தார்.

"இன்னாக்கா, மறுபடியும் பட்டுப்போச்சா? வருசம் தவறாம அதே பன்னீர் ரோஜாவ வாங்கினு போறியே, உங்க ஊட்ல ஒண்ணுமே பொழைக்க மாட்டேன்னுதே!"