சபுரா பீவி விற்ற ரம்பம்

முதலிபாளையத்து சபுரா பீவியிடம் தச்சன் குமாரவேல் மரம் அறுக்கும் பழைய பேண்ட்சா மிஷினை அடிமாட்டு விலைக்கு வாங்கினான்.

"நான் வாயைத் திறந்தாலே என் பேச்சு காதுல உழாம இருக்க எங்க ஊட்டுக்காரரு இதை ஓட்டிருவாருங்க. அவரும் மவுத்தாயிட்டாரு. இனியாவது நிம்மதியா இருக்கறேன்" என்றார் அந்தம்மா.

பொங்கலூரில் தன் பட்டறைக்குக் கொண்டுவந்து பலகையை வைத்தான். மரம் அறுபட்டது, தூள் கொட்டியது, ஆனால் சத்தமே இல்லை. யோகம்தான் என்று பூரித்துப்போய் தினமும் சின்னச் சின்ன அலமாரிகள் செய்தான்.

நாலாம் நாள் சபுரா பீவி போனில் அழுதார். "தம்பி, மிஷினு அங்க இருக்குது, சத்தம் இங்கயே கேக்குதுங்க. நிறுத்திப்போடுங்க."

"அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்றபடியே சுவிட்சைப் போட்டான். போனுக்குள் ரம்பம் அலறியது. அந்தம்மா மேற்கொண்டு சொன்ன எதுவும் கேட்கவில்லை.

சுவிட்சை அணைத்தான். ஆர்டரில் இன்னும் ஆறு அலமாரி பாக்கியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவருடைய நம்பரை பிளாக் செய்துவிட்டு, அடுத்த பலகையை எடுத்தான்.