காலி எடை

பழைய லாரிதான். ஆனால் என் சொந்த லாரி. கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, அடுத்தவன் வண்டியை ஓட்டியே தலை நரைத்துப்போன நான் அன்றுதான் முதலாளி.

விற்றவன் சாவியைத் தரும்போது சிரிக்கவில்லை. "ஒரே டிரைவர் ஓட்டின வண்டி. கடைசி வரைக்கும் அவன் வண்டிய விட்டு இறங்கவே இல்ல," என்றான். வண்டிக்குப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் லோடு ஏற்றுவதற்கு முன், காலி எடை பார்க்க எடைமேடையில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்து, இறங்கி, கதவைப் பூட்டிவிட்டு எடை போடுபவனின் ஜன்னலுக்குப் போனேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"டிரைவர் இறங்கணும்யா. எத்தன தடவ சொல்றது?"

"நான்தாங்க டிரைவர். இறங்கி இங்கதானே நிக்கிறேன்."

"நீ இறங்கினா எடை குறையணும்ல? அப்படியே நிக்குது. யாரு காதுல பூ சுத்தற?" அவன் தலையைத் தூக்கி, என் தோளுக்கு மேலாக வண்டியைப் பார்த்தான். "டிரைவர் உள்ள கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. நீ யாருய்யா?"

கெட்ட வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. திரும்பிப் பார்த்தேன். முன் கண்ணாடியில் வெயில் மட்டும்தான் தெரிந்தது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள்.

சாவி இன்னும் என் கையில்தான் இருந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது. பிறகு, கிளீனர் பக்கத்துக் கதவு எனக்காக உள்ளிருந்து திறந்தது.