சோப்பு நுரை

முகாம் பொருட்கள் வைக்கும் அறையில் இரண்டு கேஸ் அடுப்புகள் இருந்தன. ஒன்று ஒல்லியானது, சின்னப் பைக்குள் அடங்கிவிடும். மற்றது அகலக் கால்களும் கனமும் கொண்டது. மறுநாள் பிள்ளைகளோடு மலைக்கு ஒன்றுதான் போகும்.

ஒல்லி அடுப்பின் கழுத்திலிருந்த ரப்பர் வளையம் விரிசல் விட்டிருந்தது. அது அந்த அடுப்புக்கு மட்டும் தெரியும்.

“உங்களத் தூக்கிட்டு மலையேறினா பிள்ளைங்க முதுகு என்னத்துக்கு ஆகும், குண்டண்ணே?” என்று அது சிரித்தது.

“அது கிடக்கட்டும். போன முகாமிலேருந்தே ஏதோ கேஸ் வாடை அடிக்குதே, தம்பி?”

“உங்க மேலதான் அடிக்குது.”

கனத்த அடுப்பு தன்னையே முகர்ந்து பார்த்தது.

மாலையில் முகாம் நடத்தும் பூங்கோதை பிள்ளைகளோடு வந்தாள். ஒல்லி அடுப்பைச் சிலிண்டரில் பொருத்தி, அதன் கழுத்தில் சோப்பு நுரையைத் தடவினாள். அடுப்பு மூச்சை அடக்கிக்கொண்டது. ரொம்ப நேரம் முடியவில்லை. ஒரு குமிழி எழுந்து உடைந்தது. பின்னாலேயே இன்னொன்று வந்தது.

“அக்கா, கசியுது!”

“மலையில வச்சுப் பத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்! நல்ல அடுப்பு, கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிடுச்சு பாருங்க” என்றாள் பூங்கோதை. ஒரு சிறுமி அதைத் தட்டிக்கொடுத்து, “தேங்க்ஸ்” என்றாள்.

ஒல்லி அடுப்பு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

கனத்த அடுப்பின் மேல் தடவிய நுரை குமிழி விடாமல் அப்படியே இருந்தது. அதைப் பையில் வைத்தார்கள். பை மூடும் முன் அது நிம்மதியாகக் கேட்டது:

“அப்போ அந்த வாடை என்னோடது இல்லையா, தம்பி?”