போடாத பொடி

கிராஃபீன் படலத்தில் செம்புச் சேர்மத்தைக் கட்டிப்போட்டுச் செய்த கறுப்புப் பொடியோடு மாரடித்ததில், ஆய்வுக்கூடத்தில் அந்த ஆராய்ச்சி மாணவிக்குக் கரிக்காரி என்றே பெயர் நிலைத்துவிட்டது. பென்சைல் ஆல்கஹாலை ஆக்சிஜனேற்றம் செய்து, கசப்பு வாதுமை மணக்கும் பொருளாக மாற்றும் வினையூக்கி அது. வேலை முடிந்ததும் வடிகட்டி, கழுவி, உலர்த்தி, எடை பார்த்து, அதையே மறுபடி போட வேண்டும். ஐம்பது மில்லிகிராமில் தொடங்கியது, கழுவக் கழுவக் குறைந்து எட்டாம் சுற்றில் நாற்பத்திரண்டாகியிருந்தது.

ஒன்பதாம் சுற்றில் பொடியைப் போடவே மறந்துவிட்டாள். நாற்பத்திரண்டும் குப்பியில் அப்படியே இருந்தது. ஆனால் குடுவையில் கசப்பு வாதுமை வாசனை அடித்தது. வடிதாளில் ஐம்பது மில்லிகிராம் கறுப்பாகத் தங்கியிருந்தது.

"நாப்பத்தொண்ணுன்னு எழுதும்மா. கட்டுரை அனுப்பணும்," என்றார் பேராசிரியர்.

"நான் பொடியே போடலை சார்."

"மறந்துட்டு எதையாவது உளறாதே."

"போடத்தான் மறந்தேன். உள்ளதை எழுத மறக்கலை."

புதுக் குடுவையை அவர் கையிலேயே கொடுத்தாள். அவரே கழுவினார், அவரே ஆல்கஹாலை ஊற்றினார், பக்கத்திலேயே உட்கார்ந்து காவலும் காத்தார். நாலு மணி நேரத்தில் வாதுமை வாசனை வந்தது. அவரே வடிகட்டினார். வெள்ளைத் தாள் நடுவிலிருந்து கறுத்துக்கொண்டே வந்தது. உலர்த்தி வைத்ததும் தராசு ஐம்பது காட்டியது.

அவள் குறிப்பேட்டில், 'போட்டது: ஒன்றுமில்லை' என்று எழுதினாள். அடுத்த வரியைக் காலியாக விட்டுப் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"கிடைச்சதை நீங்களே எழுதுங்க சார்."