அந்த நோய்

அலெக்சாந்திரியாவின் சின்ன வானொலி நிலையமொன்றில் முப்பது வருடம் நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி அறிவியல் பேசிய டாக்டர் ராதியா இறந்துபோனார். கூடவே நிகழ்ச்சி நடத்திய சவ்சன், அஞ்சலி உரையோடு ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருந்தாள். இயக்குநர் ரஃபத் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“எதுல போனாங்கன்னு சொல்லாதே. ‘அந்த நோய்’னா போதும்.”

“எந்த நோய், உஸ்தாத்?”

“அதான்மா... அது!”

“அதுக்குப் பேரில்லையா? பேரைச் சொல்லவே பயந்துதான் பாதிப் பேர் டாக்டர்கிட்ட போறதில்லைன்னு ராதியா தொண்டை கிழியக் கத்தினாங்களே!”

“அவங்க வாயைத்தான் அடக்க முடியல. நீயாவது அடங்கு!”

“நீங்க பேரைச் சொல்லுங்க, அடங்கிடறேன்.”

“கேன்சர்! நம்மள விட்டுத் தூரப் போகட்டும்! போதுமா?”

“போதும், உஸ்தாத்.”

அவர் முதுகுக்குப் பின்னால், நேரலைக்கான சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சவ்சன் மைக்கை நெருங்கினாள்.

“நேயர்களே, எங்க இயக்குநரே சொல்லிட்டார். ராதியாவுக்கு வந்தது கேன்சர். இப்ப நீங்க கேள்வி கேளுங்க.”